துர்கோத்தின் மூக்கு

தேங்காய்ப்பால் சொதி ஒரு சொட்டுத்தான் சிந்தியது. ஆனால் சிந்திய இடம் ஓவிலா துர்கோத்தின் மூக்கு.

"அக்னெஸ், ஓடி வாரும்!" என்று கிறகரி அலறினார்.

அகப்பையோடு ஓடிவந்த மனைவி மேசையைப் பார்த்தாள். "இந்த ஹொக்கிக்காரன்ர படம் போட்ட கார்டே? கையைச் சுட்டுப்போட்டியளாக்கும் எண்டு பயந்திட்டன்."

"பின்னேரம் அந்த மனிசனிட்ட இதில கையெழுத்து வாங்கவேணும். இப்பிடியே கொண்டுபோய் நீட்டுறது?"

அது 2005 தை மாதம். வீரர்களுக்கும் அணி முதலாளிகளுக்கும் பிணக்கு வந்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் பெரிய ஐஸ் ஹொக்கி ஆட்டங்களே இல்லை. மொன்றியல் சனம் விசர் பிடித்ததுபோலத் திரிந்தது. அதனால் கர்க்லாண்டில் ஒரு மண்டபத்துக்குப் பழைய வீரர்களை அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் துர்கோத்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் கிறகரிக்குத் துர்கோத் என்றால் உயிர். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய அட்டை அது, ஐம்பதுகளில் அச்சடித்தது. அதன் பின்பக்கத்தில் அவரைப் பற்றி இருந்ததையும், நூலகத்தில் தேடி எடுத்த மிச்சத்தையும், செபம் போலப் பாடமாக்கியிருந்தார். துர்கோத் கோல் அடிக்கிறவரல்ல. அடிக்க வருகிறவனை மறிக்கிறவர். "பின்னுக்கு நிண்டு மறிக்கிறவனை ஆர் பாக்கினம்?" என்று கிறகரி வேலையிடத்தில் எல்லாரிடமும் கேட்பார்.

ஈரத்துணியால் துடைத்தார். மஞ்சளோடு மூக்கும் போய்விட்டது. தலைமயிர் காயவைக்கும் மெசினைப் பிடித்தார். அட்டை அப்பளம் போலச் சுருண்டது. அயன் பண்ணினார். நிமிர்ந்தது, ஆனால் ஒரு காது அயன்பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மகளின் கலர் பென்சிலை எடுத்து ஒரு மூக்குக் கீறினார்.

"கிளிச்சொண்டு மாதிரிக் கிடக்கு," என்றாள் அக்னெஸ்.

"கதையாமல் வெளிக்கிடும்."

மண்டபத்தில் வரிசை மெல்ல நகர்ந்தது. எழுபது தாண்டிய துர்கோத், உடைந்து பொருந்திய கோணல் மூக்கோடு உட்கார்ந்திருந்தார். கிறகரி அட்டையை நீட்டினார்.

கிழவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது நானில்லை," என்றார் பிரெஞ்சில்.

கிறகரிக்கு வியர்த்தது. "மன்னியுங்கள் ஐயா. மூக்கு மட்டும்தான் நான் கீறியது."

"மூக்கை விடு. ஆளே நானில்லை. எங்கள் அணியில் இருந்த வேறொருவன். அச்சடித்தவர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள். எனக்கென்று வந்தது இந்த ஓர் அட்டைதான். அதிலும் முகம் அவனுடையது. இதைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் என்னைக் கண்டதும் ஏமாந்து போகிறார்கள்."

பேனையை மூடினார்.

கிறகரியால் தாங்க முடியவில்லை. "நான் படத்துக்காக வரவில்லை ஐயா," என்று தொடங்கி, விமான நிலையத்தில் பொறுக்கிய பிரெஞ்சில் மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். சின்ன அணியில் தொடங்கியது, முழங்கால் முறிந்து படுத்தது, கதை முடிந்தது என்று எல்லோரும் சொன்னபோது திரும்பி வந்தது, இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பறந்து வந்த 'பக்' என்ற ரப்பர் வட்டை வெறும் முகத்தால் மறித்தது.

"அன்றைக்குக் கிண்ணம் வந்தது கோல் அடித்தவரால் இல்லை ஐயா. உங்கள் மூக்கால்!"

வரிசையில் யாரோ ஒருவர் கைதட்ட, மண்டபமே சேர்ந்து தட்டியது. கிழவர் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு குனிந்து, அந்த மற்றவனின் முகத்துக்கு மேலேயே தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

கிறகரி பனியில் மிதந்து மிதந்து காருக்கு வந்தார். பிரெஞ்சு விளங்காத அக்னெஸுக்கு ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பாவம் மனிசன்! படத்தில ஒருத்தன், நேரில ஒருத்தன். வந்து பாக்கிற சனத்துக்கு எவ்வளவு ஏமாற்றமா இருந்திருக்கும்?"

அக்னெஸ் சீற் பெல்ற்றை இழுத்துப் பூட்டினாள்.

"கலியாணத்துக்கு முன்னம் உங்கட அம்மா எனக்கு அனுப்பினது உங்கட தம்பியின்ர படம். மிராபெல் எயார்போட்டில வந்திறங்கி உங்களைக் கண்ட பிறகு, நான் ஏதும் சொன்னனானே?"