எப்சி செக்சம் வென்ற படலம்

வாழ்க எப்சி! சேலையூர் கேம்ப் ரோட்டின் பள்ளங்களையும் மேடவாக்கம் சந்திப்பின் வாகனப் பெருங்கடலையும் கம்பெனிப் பேருந்தின் ஜன்னலோரம் உறங்கியே நாள்தோறும் கடக்கும் உரனுடையாள், சிறுசேரிக் கண்ணாடி மாளிகையின் ஏழாம் தளத்து இணையிலா மறத்தி, அவள் பொருத போரைக் கேட்பீராக!

சென்ற ஆண்டு எப்சி கட்டியனுப்பிய சோர்ஸ் கோடுப் பொதியைத் தொலைத்துவிட்ட வாடிக்கையாளர், அதையே மீண்டும் கேட்டனர். கம்பெனியிடமும் பொதியின் பிரதி இல்லை, உள்ளிருந்த கோடு மட்டும் சர்வரில் இருந்தது. இடத்தை அடைக்கிறதென்று அதை அழிக்கச் சொன்ன மேலாளர்ப் பெருந்தகை சூர்யநாராயணன், தாம் சொன்னதை மறக்கும் பேராற்றலும் வாய்ந்தவர். எஞ்சியது ஒப்பந்தத்தில் பதித்த செக்சம் ஒன்றே: பொதியின் கைரேகையாகிய அறுபத்து நான்கு எழுத்துகள். பொதியில் ஓர் அணு பிசகினும் அத்தனையும் மாறும்.

சர்வரிலிருந்து அதே கோடை எடுத்தாள். அதே கட்டளையால் கட்டினாள். கைரேகை பொருந்தவில்லை.

"கோடுல யாரோ கை வெச்சிருக்காங்க. போன வருஷம் பேக் பண்ணது நீதானேம்மா?" என்று தளம் முழுதும் கேட்க முழங்கினார் சூர்யநாராயணன். "மூணு மணிக்குள்ள மேட்ச் ஆகணும். இல்லன்னா ஆடிட்ல உன் பேரத்தான் எழுதுவேன்."

ஆறாண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயர் ஒரு நொடியில் ஆட்டங்காண, கலங்கிய கண்ணை ஏசிக் குளிரின்மேல் பழிபோட்டுத் துடைத்தெறிந்து, விசைப்பலகை அதிரக் களம்புகுந்தாள் காரிகை. வரிசை குலைந்த கோப்புகளென்னும் யானைப்படையை அகரநிரலில் நிறுத்தி, தேதிகளென்னும் புரவிப்படையை ஒரே நொடியில் கட்டிப்போட்டு, உரிமையாளர் பெயர்களென்னும் காலாட்படையைப் பூச்சியமாக்கி, வெற்றிமுரசு கொட்ட விரலெடுத்தபோதும் எழுத்துகள் இணங்கவில்லை.

பசி மறந்து சர்வரின் பதிவேட்டைத் துருவியவள் பகைவனைக் கண்டாள். கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்கும் கருவி ஆடி மாதம் புதுப் பதிப்பாகியிருந்தது! விரித்தால் அதே சேலை. மடிப்பு மட்டுமே வேறு.

பழைய பதிப்பு எங்கே? கணினிகளைக் காக்கும் பிரிட்டோவிடம் விரைந்தாள்.

"பழைய டெஸ்ட் மிஷினா? அத எவனும் அப்டேட் பண்ணல மேடம். ஸ்டோர் ரூம்ல சும்மாதான் கீது."

தூசி படிந்த அத்தொல்பொறியை உயிர்ப்பித்துக் கட்டளையிட்டாள். அறுபத்து நான்கும் அணிவகுத்து வந்து ஒப்பந்தத்தின் எழுத்துகளோடு தோள்சேர்த்து நின்றன. மணி இரண்டு ஐம்பது.

"கோட யாரும் தொடல சார்," என்றாள் சூர்யநாராயணன்முன் சென்று, தளம் முழுதும் கேட்கவே. "ஜிப் பண்ற டூலோட வெர்ஷன் மாறிச்சு, அதனால செக்சம் மாறிச்சு. எம்மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க."

தலையசைத்தார் பெருந்தகை. கரவொலி எழுந்தது, பக்கத்து இருக்கைத் தோழி வினிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், பகைமுடித்த பாவை, நிமிர்ந்த தலையளாய், புளித்துப்போன தயிர்சாதத்தை அமுதென உண்ணலுற்றாள். வென்றெடுத்த பொதியை வாடிக்கையாளர்க்கு விடுக்கும் மாண்போ மேலாளர்க்கே உரியது.

சூர்யநாராயணன் ஃபோல்டர் பெயரில் ஒரு ஸ்பெல்லிங்கைத் திருத்தி, தன் லேப்டாப்பில் மறுபடி ஜிப் பண்ணி அனுப்பிவிட்டார்.