யானைக்கும் எலிக்கும் நடுவே ஒரு சுவர்

சுவரை இடித்து முடித்த அரை மணி நேரத்தில், அது இருந்த இடத்தில் இரண்டு முதுகுகள் முளைத்துவிட்டன.

ஒன்று கதைக்காரருடைய முதுகு, மற்றது ஓவியருடையது. இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புது மேனேஜர் சட்டையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பக் காத்து எப்படி வருது பார்த்தீங்களா?" என்றார்.

"தூசிதான் வருது," என்றது கதைக்கார முதுகு.

"சில பேருக்கு மூக்கு வேலை செய்யுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்று ஓவிய முதுகு ஜன்னலிடம் சொன்னது.

அது ஒரு சித்திரக்கதைக் கம்பெனி. ஒரு யானை, ஒரு எலி, தினமும் மூன்று கட்டம். ஒரு காலத்தில் ஏழு பத்திரிகைகளில் வந்தது. ஆறு பத்திரிகைகள் மூடிவிட்டன. மிஞ்சியிருந்த ஒரே நாளிதழின் ஆசிரியரும் கடிதம் எழுதிவிட்டார். பதினோரு வருடமாக அந்த இரண்டும் ஒரே மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, மூன்று மாதத்துக்குள் புதிதாக ஏதாவது வராவிட்டால் அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுவிடுவேன் என்று. போட்டால் ஒன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்குத்தான் முதலாளியம்மா இந்த மேனேஜரைக் கூட்டிவந்தார். இவர் முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியில் வட்டமாக இருந்த பிஸ்கட்டைச் சதுரமாக்கி, விற்பனையைத் தூக்கி நிறுத்தியவர். அதிலிருந்து உலகத்தில் எந்தப் பொருளையும் கொஞ்சம் வடிவம் மாற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. நம்பிக்கை என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை. பழைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார், அங்கே அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தும் ஆகிவிட்டது.

கதைக்காரரும் ஓவியரும் பேசிப் பதினோரு வருடம். கதைக்காரர் எழுதிய தாளை டைப்பிஸ்ட் அக்கா வாங்கி, டைப் அடித்து, சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஓவியர் படம் போட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி, அந்த ஓரத்தை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்புவார். அதைப் படித்துவிட்டு இவரும் அடுத்த தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்குவார். 'அந்தக் கை வரைந்ததை என் கண் பார்க்காது' என்று கதைக்காரர் அந்த நாளிதழைப் பிரிப்பதுகூட இல்லை.

"ஒரு தாள் பத்தடி தூரம் போறதுக்கு மூணு பேரா?" என்று கேட்ட மேனேஜர், டைப்பிஸ்ட் அக்காவிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டார். "இனிமே அவங்களே நேரா கொடுத்து வாங்கிக்கட்டும்."

"சார், அந்தத் தாள்ல ஒரு விஷயம் இருக்கு..."

"விஷயமெல்லாம் வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பேசலாம் அக்கா."

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மேனேஜர்தான் பேசினார்.

முதுகுகளைத் திருப்ப அவர் ஒரே மேஜையை வாங்கிப் போட்டார். இருவரும் மேஜைக்கு நடுவே அகராதிகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் அடுக்கி எல்லை கட்டினார்கள். மேனேஜர் அகராதிகளை அலமாரிக்கு அனுப்பினார். கதைக்காரர் தன் சாப்பாட்டுப் பையை அந்த இடத்தில் வைத்தார். பைக்கு மேனேஜரால் எந்தச் சட்டத்தின் கீழும் உத்தரவு போட முடியவில்லை.

கடைசியில் சண்டையின் வேரைத் தேடிப் போனார். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் ஓவியர் கதைக்காரரின் குடையை வாங்கிப் போய் பஸ்ஸில் விட்டுவிட்டாராம். அவ்வளவுதான். மேனேஜர் கடைக்குப் போய், மரப்பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று வாங்கினார். அதை ஓவியர் கையில் கொடுத்து, அவரைக் கதைக்காரர் முன்னால் தள்ளினார்.

"அன்னிக்கே கொடுத்திருக்கணும்," என்றார் ஓவியர்.

"குடை என்ன பெரிய குடை, நீ நனையாம போனியே, அது போதும்," என்றார் கதைக்காரர். பதினோரு வருடத்து அழுகையை இருவரும் பத்து நிமிடத்தில் அழுது தீர்த்தார்கள். மேனேஜருக்கும் கண் கலங்கியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது மறுநாள்தான்.

கதைக்காரர் எழுதிக் கையோடு கொடுத்தார், ஓவியர் ஒரு கோடு மாறாமல் வரைந்தார். யானை கேட்டது: "நலமா?" எலி சொன்னது: "நலம். நீ நலமா?" மூன்றாவது கட்டத்தில் யானை, "மிக்க நலம்" என்றது. அடுத்த நாள் எலி முதலில் விசாரித்தது. ஓவியருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால், மனது மாறினால் எழுத்தும் மாறும்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். இருவரும் நகமும் சதையுமாகத் திரிந்தார்கள்.

பத்து நாளில் நாளிதழின் ஆசிரியர் போன் செய்தார். "யானைக்கு உடம்பு சரியில்லையான்னு வாசகர்கள் கேக்குறாங்க. சார், மாத்துங்கன்னு சொன்னேன், கொல்லுங்கன்னு சொல்லலையே. இன்னும் ஒரே மாசம்."

அன்று மாலை மேனேஜர் வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"சண்டை இருந்தப்பதான் கதை நல்லா இருந்ததா?" என்று கேட்டாள் அவள்.

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப எதுக்குச் சேர்த்து வச்சீங்க? போன வருஷம் சமையல்கட்டுல உப்பு டப்பாவை மாத்தி வச்சீங்களே, அதையே நான் இன்னும் தேடிட்டிருக்கேன்."

மேனேஜர் மனம் தளரவில்லை. பிரிந்தவர்களைச் சேர்க்கத் தெரிந்தவனுக்குச் சேர்ந்தவர்களைப் பிரிக்கத் தெரியாதா? மறுநாள் காலை முதல் வேலையாகக் குடையை ஒளித்து வைத்தார்.

"குடையைக் காணோமா? ஓவியர்தான் எடுத்திருப்பார்னு நினைக்கிறேன்," என்று கதைக்காரரிடம் கிசுகிசுத்தார்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான் சார். அவன் வச்சிருந்தா என்ன, நான் வச்சிருந்தா என்ன?"

ஓவியரிடம் போய், "கதைக்காரர் உங்க யானையைப் பன்னி மாதிரி இருக்குன்னு சொல்றார்," என்றார்.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று ஓவியர் ரப்பரை எடுத்தார்.

மேனேஜர் அடுத்தடுத்து இறங்கினார். தினமும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டே மீட்டிங். யோசனைக்கு மஞ்சள் அட்டை, சந்தேகத்துக்குப் பச்சை அட்டை. திங்கள்கிழமை கதைக்காரர் வரைய வேண்டும், ஓவியர் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை எல்லோரும் இடம் மாறி உட்கார வேண்டும். டீ குடிக்கும் நேரத்தில் பேசக் கூடாது, அல்லது பேசியே ஆக வேண்டும், எது என்று அவருக்கே மறந்துவிட்டது. ஓவியர் மூன்று நாள் தன் பென்சிலைத் தேடினார். கதைக்காரர் முட்டி வலிக்கு மருந்து போட்டுக்கொண்டு மீட்டிங்கில் நின்றார். ஆனால் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேனேஜர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கொத்தனாரை அழைத்து, சுவரை மறுபடி கட்டச் சொன்னார். டைப்பிஸ்ட் அக்காவைப் பதிவேட்டிலிருந்து விடுவித்துப் பழைய மேஜையில் உட்கார வைத்தார்.

"முன்னே எப்படியோ அப்படியே. அவர் தாளை நீங்க வாங்கணும், டைப் அடிக்கணும், அந்தப் பக்கம் கொடுக்கணும். இவங்க நேர்ல பார்த்துக்கவே கூடாது."

"இதுவும் மாற்றம்தானா சார்?" என்று கொத்தனார் கேட்டார். இடித்ததும் அவர்தான்.

"இதுதான் பெரிய மாற்றம்," என்றார் மேனேஜர்.

"சார், அந்தத் தாள் விஷயம்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை அக்கா."

நான்காம் நாள் காட்டுக்குள் ஓர் ஒட்டகம் வந்தது.

கிழக்கே ஓடிய ஆற்றை மேற்கே ஓடச் சொன்னது. மரங்களை உயரவாரியாக வரிசையில் நிற்க வைத்தது. குரங்குகளைத் தண்ணீரிலும் மீன்களைக் கிளையிலும் உட்காரச் சொல்லி, ஒரு வாரம் பழகிப் பாருங்கள் என்றது. யானை எலியிடம் சொன்னது: "இது தண்ணியில்லாம பத்து நாள் இருக்கும். எதையாவது மாத்தாம பத்து நிமிஷம் இருக்காது."

நாளிதழைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்தபடியே இரண்டு அறைகளுக்கும் போனார்.

"எங்க பழைய கம்பெனியில அச்சா இப்படியே ஒருத்தர் இருந்தார். எப்படி சார் பிடிச்சீங்க?"

ஓவியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இப்போதெல்லாம் நாளிதழைத் தவறாமல் பிரிக்கும் கதைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பின்னால் யாரோ இருமினார்கள்.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. ஒவ்வோர் ஆபீஸிலும் ஓர் ஒட்டகம் இருந்திருக்கும் போலிருக்கிறது. மாதக் கடைசியில் ஆசிரியர் போன் செய்தார். குறுக்கெழுத்து வரப்போவதில்லை என்றார் ஆசிரியர். இன்னும் ஐந்து வருடத்துக்கு யானை உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை, ஒட்டகம் தினமும் வர வேண்டும். ஒன்பது பேருக்கும் வேலை நிலைத்தது. முதலாளியம்மா நேரில் வந்து மேனேஜருக்குக் கை கொடுத்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்து, உப்பு டப்பா மேல் அலமாரியில் பழைய ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் இருக்கிறது என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. டைப்பிஸ்ட் அக்காவின் மேஜைக்கு அவரே வந்தார்.

"அக்கா, ஜெயிச்சாச்சு. இனி எல்லாரும் நிம்மதியா இருக்கட்டும். மீட்டிங் கிடையாது, கலர் அட்டை கிடையாது, இடம் மாத்துறது கிடையாது. நான் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். சரி, ஏதோ தாள் விஷயம்னு சொல்லிட்டே இருந்தீங்களே, என்னது?"

அக்காவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன.

"அப்படி மட்டும் பண்ணிடாதீங்க சார்," என்றார் அக்கா. "கதைக்காரர் அன்னிக்கும் இன்னிக்கும் 'நலமா, நலம்'னுதான் எழுதுறார், நான் டைப் அடிக்கிறதெல்லாம் அவங்க ஓரத்துல கிறுக்குறதை. பதினோரு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாங்க, இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து உங்களைத் திட்டுறாங்க. சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்?"