கையை அசைத்தால் போதும்

வலது கையைத் தூக்கினால் டி.வி.யின் சத்தம் கூடவேண்டும். அவர் தூக்கினார். செய்தி மறைந்து பந்தாட்டம் வந்தது.

“இன்னும் நேரா தூக்குங்க,” என்றாள் மனைவி. அந்தக் குரலில் உதவும் எண்ணம் அதிகமில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்கென்று அவள் சேர்த்த பணத்தில் வந்த டி.வி. அது. ‘கையை அசைத்தால் போதும், சொன்னபடி கேட்கும்’ என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

“பத்து நாள் பாப்பேன். அப்புறம் திருப்பிக் கொடுத்துடணும்,” என்று அவள் கெடு வைத்தாள்.

கணவருக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. எதையும் எழுதிவைத்துத்தான் நம்புவார். நோட்டுப் போட்டார். காதைச் சொறிந்தால் பழைய படம். தும்மினால் சத்தம் குறைகிறது. கொட்டாவி விட்டால் வானிலை.

மூன்றாம் நாள் காதைச் சொறிந்தார். வானிலை வந்தது.

“நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசறே. அது குழம்பிடுது.”

“கையை ஆட்டாம எனக்குப் பேச வராது.”

“அப்ப கொஞ்ச நாளைக்குப் பேசாத.”

அவள் பேச்சை நிறுத்தினாள். தட்டை மட்டும் நங்கென்று வைத்தாள். அப்போதும் படம் மாறியது.

திரைச்சீலை ஆடுவதாகச் சந்தேகப்பட்டு மின்விசிறியை நிறுத்தினார். வீடே வியர்த்தது. பின்னால் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் கிடந்த மாமனாரையும் அவர் விடவில்லை.

“மாமா, நீங்களும் கொஞ்சம் அசையாம இருங்க.”

மாமனார் கண்ணை மட்டும் சிமிட்டினார். சத்தம் கூடியது.

“கண்ணு சிமிட்டறதுகூட அதுக்குத் தெரியுது,” என்று வியந்து, அதையும் எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் மூன்று பேரும் பொம்மைபோல உட்கார்ந்திருந்தார்கள். டி.வி. தன்பாட்டுக்கு நான்கு முறை மாறியது. மனைவி எழுந்துபோய் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

மெக்கானிக் நோட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, டி.வி.யின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார்.

“கை அசைவு இதுக்கு முந்தின மாடல்லதான் சார் இருந்துச்சு. விலை ஏறுதே தவிர அதை யாரும் விரும்பலன்னு, இதுல எடுத்துட்டாங்க.”

அவர் நோட்டை வாங்கி மெதுவாக மூடினார். “அப்ப பத்து நாளா இது யார் பேச்சைக் கேட்டுச்சு?”

மாமனார் போர்வைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

“இதை ஏன் யாருமே தேடலன்னு நானும் பத்து நாளா யோசிச்சிட்டிருக்கேன், மாப்பிள்ளை.”