முடிச்சரும் பதினான்காம் சாடியும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளையும் சல்லடை போட்டுத் தேடினாலும் முடிச்சரைப் போலப் பயந்த ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். வாவியில் முதலை தலை தூக்கினால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். உங்கள் செருப்பைக் கண்டால் நடுங்குவார்.

அவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயிர் ஆராய்ச்சியாளர். நான் அவருடைய உதவியாளர். கௌப்பிப் பயறுச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் பக்டீரியாக்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. வாய் திறந்தால் அதைப் பற்றித்தான் பேசுவார் என்பதால் அவர் முடிச்சர் ஆனார். சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

செருப்பில் ஒட்டிய மண்ணோடு கணக்கில்லாத பக்டீரியாக்கள் வந்துவிடும் என்பது அவர் பயம். செடிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றி, முழங்கால் வரை கழுவி, அவர் மருந்தில் ஊறவைத்த வேறு செருப்பைப் போட்டால்தான் உள்ளே விடுவார். ஒருமுறை கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டையில் வயல் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்த மேலதிகாரியையே மறித்தார்.

"கோயிலுக்குள்ள போகவும் இவ்வளவு கழுவுறல்ல" என்றார் அதிகாரி.

"சாமிக்கு ஒண்டும் ஆகாது சேர். வேருக்கு ஆகும்."

மண்ணைக் கிருமி நீக்கும் இயந்திரம் பழுதானபோது, காத்தான்குடியில் கச்சான் கடலை வறுத்து விற்கும் ஒருவரிடம் பழைய இரும்புச் சட்டியை வாங்கி வந்து, வளவில் அடுப்பு மூட்டி மணலை மூன்று தரம் வறுத்தார். மதிலுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, ஒரு சுருள் கச்சான் தாங்க."

"கிட்ட வராதீங்க, இது மண்."

"மண்ணையும் வறுத்து விக்கத் தொடங்கிட்டீங்களா?" என்று அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

இத்தனை பயத்துக்கும் நடுவில் இருந்தவை ஆறு சாடிகள். செடியின் வேரில் ஒரு கதவு இருப்பதாக அவர் சொல்வார். முடிச்சில் குடியிருக்கும் பக்டீரியாவுக்கும், மண்ணிலிருந்து பொசுபரசை உறிஞ்சித் தரும் பூஞ்சணத்துக்கும் அதே கதவுதான். அதைத் திறக்கும் ஜீன் ஒன்று இருக்கிறது. அந்த ஜீன் உடைந்த கௌப்பியை, எத்தனையோ ஆயிரம் செடிகளைப் பிடுங்கிப் பார்த்து அவர் கண்டுபிடித்திருந்தார். இருவரையும் உள்ளே விடாத செடி அது. மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டி நின்று விதைகள் பூஞ்சணம் பிடித்ததால், மிஞ்சிய விதை எல்லாவற்றையும் அந்த ஆறு சாடிகளில் நட்டிருந்தார். அவை போனால் அவருடைய பல வருட வேலையும் போய்விடும்.

ஆனால் சாதாரணக் கௌப்பி நின்ற மற்றச் சாடிகளுக்கு நடுவில் அவை எவை என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இரக்கப்பட்டு ஒரு கை தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிடுவோமாம். எல்லாச் சாடியிலும் எண் மட்டும்தான். எந்த எண் எதுவென்ற கடதாசி அவருடைய சட்டைப் பையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் தொட்டுப் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் அவருக்கு நெஞ்சு வலி என்று நினைத்தார்கள்.

கதவில்லாத செடிக்கு உணவு கொண்டுவர எவருமில்லை. அவரே தேக்கரண்டியால் சத்துக் கரைசல் ஊட்டி வந்தார். இந்த நிலையில் அவருக்கு டெங்கு வந்தது. வைத்தியசாலையிலிருந்து நாள்தோறும் தொலைபேசி எடுத்தார்.

"செருப்பு கழட்டித்தானே உள்ள போறீங்க மிஸ்?"

காய்ச்சலில் தேக்கரண்டியைப் பற்றிச் சொல்ல மறந்துபோனார்.

அவர் போன பத்தாம் நாள், மேலிடத்திலிருந்து பார்வையிட வருவதாக அறிவித்தல் வந்தது. ஆறு செடிகள் மஞ்சளித்துச் சோர்ந்து நின்றன. எனக்கு ஒழுங்கில்லாத எதுவும் கண்ணை உறுத்தும். என் டயறியில் இப்படி இருக்கிறது: "காலை 9.40. நோயுற்ற செடிகள் ஆறு பிடுங்கப்பட்டன. சாடி எண்கள் 3, 8, 14, 19, 22, 27. வேலிக்கு வெளியே குப்பைக் குழியில் இடப்பட்டன. 10.15. மாடு ஒன்று தின்றது. நெற்றி வெள்ளை, இடக் கொம்பு வளைவு."

முடிச்சர் திரும்பி வந்து ஆறு வெறும் சாடிகளைப் பார்த்தார். கடதாசியை எடுத்தார். மூன்று, எட்டு, பதினான்கு என்று அவர் வாய் முணுமுணுக்க, பிடுங்கியதையும் மாடு தின்றதையும் நான் சொன்னேன். முப்பது வருடத்தில் ஒரு போத்தலைக்கூட நான் உடைத்ததில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

"எந்த மாடு?" என்று மட்டும் கேட்டார்.

டயறியிலிருந்த அடையாளங்களை வைத்து மாட்டுக்கார அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். சாணியில் ஒரு விதையாவது கிடைக்குமா என்று முடிச்சர் மாட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து நின்றார்.

"என்னகா, மாட்டுக்கு ஏதும் நோய் வருத்தமா?" என்று அக்கா என்னிடம் பயந்து கேட்டார்.

"மாட்டுக்கில்ல" என்றேன்.

"அது தின்டு நாலு நாளாகுது சேர்" என்று முடிச்சரிடம் சொன்னேன். "அந்தச் சாணியெல்லாம் தோட்டத்துக்குப் போயிட்டு" என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டயறியைத் திறந்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும்தான் நினைவு வந்தது. எதை எறிந்தாலும் ஒரு மாதிரியை எடுத்து ஒட்டி வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தின் அடியில், ஒட்டுநாடாவின் கீழ், முற்றிக் காய்ந்த ஒரு காய் இருந்தது. பக்கத்தில் என் எழுத்தில்: சாடி 14.

"பதினாலெண்டு நிச்சயமா மிஸ்?"

"நிச்சயம் சேர்" என்றேன். சொன்ன பிறகுதான் எண்ணை மறுபடி வாசித்துப் பார்த்தேன்.

காய்க்குள் நான்கு விதைகள். முடிச்சுப் போடும் பக்டீரியாவைக் கலந்த மண்ணில் நட்டதில் மூன்று முளைத்தன. ஐந்து வாரம் அவர் தேக்கரண்டியோடு காவலிருந்தார். ஒன்றைச் சோதனைக்குப் பிடுங்கி, மற்ற இரண்டையும் விதைக்கு விடுவதென்று முடிவு. வேரில் ஒரேயொரு முடிச்சு இருந்தாலும் நான் எழுதிய எண் பிழை. ஊரெல்லாம் முடிச்சைக் கண்டு மகிழும். நாங்கள் இருவரும் வெறும் வேருக்காக நேர்ந்துகொண்டோம். தண்ணீர்ப் பேசினில் வேரைக் கழுவும்போது முடிச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எத்தின இரிக்கி?"

"ஒண்டுமில்ல சேர்."

"வடிவாப் பாருங்க. எனக்குப் பாக்க ஏலா."

"லென்ஸ் வச்சும் பாத்துட்டன். ஒண்டும் இல்ல."

அதன் பிறகுதான் அவர் சுவரிலிருந்து திரும்பினார். சட்டைப் பையிலிருந்த கடதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத உங்கட டயறியில ஒட்டுங்க மிஸ். எண்ட பையில வச்சிரிக்கப் பயமா இரிக்கி."

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கடதாசி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாரியில் வாவி ஏறி வரும்போது, அரிசி மூட்டைக்கு முன்னே அந்த டயறியைத்தான் பரணில் ஏற்றுகிறேன். செருப்பைக் கழற்றிக் கால் கழுவிய பிறகு.