எங்கள் சுவரில் எழுதிய நூறு

என் மகள் நிரஞ்சலா பதினொரு நிமிடம் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

நேரில் இல்லை. லெப்டொப்பில். கொழும்பில் ஒரு நிறுவனம் இணையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறது. அதில் ஆசிரியை வேலைக்கு அவளுக்கு ஒரு பரீட்சை வகுப்பு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. பின்னம் படிப்பித்தாள். "அரை" என்றாள். "கால்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே கொழும்பில் இருந்தவர்களுக்கு என் மகளின் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு தடவை தருகிறோம், நேரத்தை நீங்களே சொல்லுங்கள், அதற்கப்புறம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நான் சும்மாவே கவலைப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். அவளாவது படிப்பிக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று இருபது வருடம் கவலைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இந்த வீட்டில் இனி ஒரு பொய் நம்பரையும் விட்டுவைப்பதில்லை.

பொய் நம்பர் எங்கே இருந்தது என்றால், எங்கள் வீட்டுச் சுவரில்தான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அப்புத்தளைக்குப் போகிற பஸ் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: "புயல் நெட். வேகம் 100." அடித்தவர் என் வீட்டுக்காரர் வீரசிங்கம். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது புயல் நெட்டின் முகவர். கம்பனி ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்திருக்கிறது. குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவார். எங்களோடு சேர்த்துப் பதினான்கு வீட்டுக்கு அவரே லைன் வாங்கிக் கொடுத்தார். எல்லா லைனும் காளி கோயில் மேட்டில் கம்பத்தில் கட்டியிருக்கிற ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது.

"என்னாங்க, நூறு வருதுன்னு எழுதியிருக்கீங்களே, புள்ள வாயைத் திறந்தா மூட மாட்டேங்குது."

"பனி மூட்டம், பாக்கியம்."

"வெளியில வெயில் அடிக்குதுங்க."

"மேல இருக்கும். மேல உனக்குத் தெரியுமா?"

"அப்ப நேத்து?"

"நேத்து நீ குக்கர் வச்சிருந்த. விசில் சத்தம் சிக்னலுக்கு ஆகாது."

முப்பது வருடமாக இந்த மனுசனை எனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் முதலில் பார்த்தேன். தராசுப் பக்கத்தில் நின்று பேரேட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார்: "பாக்கியலெட்சுமி. பதினெட்டு. ஈரத்துக்கு ரெண்டு கழிவு. பதினாறு!" மழை பெய்தால் சரி. மண் வெடிக்கிற வெயிலிலும் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார். அந்த இரண்டு கிலோவைக் கேட்டுச் சண்டை போடப் போய்த்தான் எங்களுக்குக் கல்யாணமே ஆனது. கிலோ இன்னும் வரவில்லை.

அந்தக் காலத்தில் பதினெட்டைப் பதினாறு என்றார். இந்தக் காலத்தில் ஆறை நூறு என்கிறார். நம்பருக்கும் அவருக்கும் என்ன பகை என்று எனக்குப் புரியவே இல்லை.

நிரஞ்சலா எனக்குப் போனில் ஒரு பொத்தானைக் காட்டினாள். அமர்த்தினால் ஒரு முள் ஓடும், வேகம் எவ்வளவு என்று காட்டும். முள்ளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது தராசு. தராசு என்றால் எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள். இதையும் மூன்று தடவை நிறுத்தேன். காலை, பகல், மாலை நாலு மணி. ஒரு கொப்பியில் எழுதினேன்.

புதன்: 31, 22, 7. வியாழன்: 28, 19, 6. வெள்ளி: 33, 20, 8.

மாலை நிறுவையை அன்றன்றைக்கே சோக்கட்டியால் சுவரில் எழுதினேன், அவருடைய நூறுக்குக் கீழே. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் நிறுத்தத்தின் பேரைச் சொல்லாமல் "எட்டு இறங்கு, எட்டு இறங்கு" என்று கத்தினான்.

வீரசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஊரே தூங்கும்போது முள்ளை ஓட்டியிருக்கிறார். 94. அதைப் படம் பிடித்து, அப்புத்தளைக்குப் போய்ப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஒரு ஊதுபத்தியும் கொளுத்தினார்.

"இப்ப என்னா சொல்ற?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்தப் புள்ளைங்க பின்னம் படிக்குது? சேவல் படிக்குமா?"

"வந்துச்சா இல்லியா?"

"நூறு வரலியே. ஆறு குறையுதே."

"போர்டை ஒழுங்காப் படி. நூறு வரைக்கும்னுதான் போட்டிருக்கு."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். இருந்தது. நூறின் கடைசிச் சுழியத்துக்குப் பக்கத்தில், எள்ளுப் போல, "வரை". இரண்டு வருடமாக அதை ஈ இருந்த இடம் என்று நினைத்து நான்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு சின்னதா எழுதினா யாருக்குங்க தெரியும்?"

"தெரியணும்னா பெருசா எழுத மாட்டாங்களா?" என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தொப்பியைச் சரி செய்துகொண்டு கோயில் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க நான் நிறுத்துக்கொண்டே இருந்தேன். மாலையில் ஒன்பதைத் தாண்டவில்லை. பரீட்சை வகுப்புக்கு நேரத்தைச் சொல்லச் சொல்லிக் கொழும்பிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் வகுப்பு. மூன்றிலிருந்து ஆறுக்குள் எந்த மணியும் சரி, காலை கிடையாது. நல்ல நாள் பார்ப்பதா, நல்ல வேகம் பார்ப்பதா?

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

"பாக்கியம், சனிக்கிழமை நாலு மணிக்கு ரெடியா இரு. பண்டாரவளை ஒபிஸிலிருந்து ஷாஹ்மி வாராரு, எங்க மெனேஜர். நம்ம வீட்டுல வச்சு விளம்பரப் படம் எடுக்கப்போறாங்க. முள்ளை ஓட்டிக் காட்டுவாரு. நீ வேகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். படம் சரியா வந்தா நான்தான் ஊவா மாகாணத்துக்கே பெரிய முகவர்."

"நாலு மணிக்கா? நாலு மணிக்கு எட்டுத்தானே வரும்?"

"அதெல்லாம் வரும்." ஒரு கண்ணைச் சிமிட்டினார். "நீ என்னா சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"அதுதான் வேணும்!" என்றார் மனுசன்.

அந்தக் கண்சிமிட்டல் எனக்கு இரவெல்லாம் உறுத்தியது. காலையில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா வந்தாள். எனக்கு நேரெதிர் அவள். எதற்கும் கவலைப்பட மாட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு நல்லா இருக்கா?"

"ஏன்டி?"

"இல்ல, நாளைக்கு மூணரையிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் வீட்டு நெட் பெட்டியை நிறுத்தி வைக்கச் சொல்றாரு. ஒரு வீடு விடாம பதிமூணு வீட்டுலயும் கேட்டுட்டாரு. நிறுத்துனா வீட்டுக்கு ரெண்டு கொடம் தண்ணி பீலியிலிருந்து தூக்கித் தாராராம்."

மண் சரிந்து லயத்துக் குழாய் உடைந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் கீழே மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்த்தான் தண்ணீர் எடுக்கிறோம். எழுபத்திரண்டு படி. தன் வீட்டுக்கு ஒரு குடம் தூக்காத மனுசன் ஊருக்கு இருபத்தாறு குடம் தூக்கப் போகிறார்.

"நீ என்னா சொன்ன?"

"சரின்னுட்டேன். தண்ணி வருதில்ல? நெட்டு எப்படியும் வரப்போறதில்ல."

கருப்பம்மா போன பிறகு அரை மணி நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பதிமூன்று வீட்டில் பெட்டி நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஓடும். சனிக்கிழமை. நாலு மணி.

நிரஞ்சலாவைக் கூப்பிட்டேன். "கொழும்புக்கு எழுது. நாளைக்கு நாலு மணின்னு எழுது."

"அம்மா, நாலு மணிக்கு எட்டுத்தானே?"

"எழுது. அப்பாகிட்ட சொல்லாத."

சனிக்கிழமை நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷாஹ்மி வந்தார். மெலிந்த, மரியாதையான மனுசன். காலணியை வெளியே கழற்றினார். தன் போனைப் படம் எடுக்கிற முக்காலியில் பூட்டி நடு வீட்டில் நிறுத்தினார். என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாரோ என்னவோ, வாசனை அடித்தது.

"பாக்கியம், லெப்டொப்பைக் கொண்டு வா. அதுல ஓட்டினாத்தான் படம் எடுப்பா இருக்கும்."

"அது உள்ளே இருக்குங்க."

"கொண்டு வா."

"புள்ள படிப்பிக்கிறா. கதவைப் பூட்டியிருக்கா. கத்தாதீங்க, கொழும்புக்குக் கேக்கும்."

அவர் முகம் போன போக்கைப் படம் எடுத்திருக்கலாம். கத்த முடியவில்லை. அவளும் அவருக்கு மகள்தானே. காற்றுப் போன குரலில் கேட்டார்.

"யாரைக் கேட்டு நாலு மணி வச்ச?"

நானும் காற்றுக் குரலில் சொன்னேன். "நீங்கதானே நாலு மணிக்கு நல்லா வரும்னீங்க."

ஷாஹ்மி தன் போனையே எங்கள் லைனில் இணைத்து முள்ளை ஓட்டினார். 88. அவருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே என் மகள் "முக்கால்" என்றாள். கொழும்புக் குரல் ஒன்றும் "முக்கால்" என்று திருப்பிச் சொன்னது. எனக்கு அது கேட்டதே போதும். ஆனாலும் ஷாஹ்மி கேமராவை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"சொல்லுங்க அக்கா, நம்ம புயல் நெட் வேகம் எப்படி?"

"இப்ப எண்பத்தெட்டுங்க, தம்பி."

"கேட்டீங்களா!" என்றார் வீரசிங்கம்.

"பதிமூணு வீட்டுல பெட்டியை நிறுத்தி வச்சிருக்கோம், அதனால. மத்த நாள் நாலு மணிக்கு எவ்வளவுன்னு வாசிக்கிறேன்." மடியிலிருந்து கொப்பியை எடுத்தேன். "புதன் ஏழு. வியாழன் ஆறு. வெள்ளி எட்டு…"

"அவளுக்குக் கண்ணு சரியில்ல, ஷாஹ்மி," என்றார் என் வீட்டுக்காரர். "காலை, பகல் ரெண்டு நம்பரையும் விட்டுட்டு வாசிக்கிறா."

அந்த நேரம் பார்த்துக் கருப்பம்மா வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் வெறுங்குடம்.

"அண்ணே, பெட்டியை நிறுத்தி முக்கா மணியாச்சு. தண்ணி எப்ப வரும்?"

ஷாஹ்மி கேமராவை அணைத்தார். என்னிடம் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இப்படி ஒரு கணக்கு எங்க ஒபிஸுலயே இல்ல, அக்கா."

"போர்டுல எட்டுன்னு எழுதுங்க, தம்பி."

"எட்டுன்னு எழுதினா யார் வாங்குவா?"

"நான் வாங்குவேன். எட்டுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு எம் புள்ளையை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க நூறுன்னீங்க. நம்பி உக்கார வச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த 94ஐயும் முருகனையும் பார்த்தார். "மேட்டுல இன்னொரு பெட்டி போட்டாச் சரியாகும். மூணு நாளைக்குள்ள போட்டுத் தாரோம். போர்டையும் மாத்துறோம்."

"மூணு நாளா, மூணு நாள் வரையா?"

அவர் முக்காலியிலிருந்து போனைக் கழற்றப் போனார்.

ஐந்து மணிக்கு நிரஞ்சலா கதவைத் திறந்தாள். வேலை கிடைத்துவிட்டது. திங்களிலிருந்து வெள்ளி வரை தினமும் நாலு மணிக்கு வகுப்பு. கருப்பம்மா அவளைக் கட்டிப் பிடித்தாள். "இன்னொரு பெட்டி வார வரைக்கும் நாங்க நாலு மணிக்கு நிறுத்திக்கிறோம்டி," என்றாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அதே ரெண்டு கொடந்தான், அண்ணே. கூடக் கேக்க மாட்டோம்."

ஊவா மாகாணத்தின் பெரிய முகவர் மகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குடத்தை வாங்கினார்.

மூன்று நாளில் வருகிற பெட்டி பத்தொன்பதாவது நாள்தான் வந்தது. போர்டு மட்டும் உடனே மாறிவிட்டது. கம்பனியைக் கேட்காமல் நானே மாற்றினேன்: "மாலையில் 8." அதற்கப்புறமும் இரண்டு வீட்டில் லைன் கேட்டார்கள்.

நாலாவது நாள் அவர் எழுபத்திரண்டு படியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, கருப்பம்மா வாசலில் குடங்களை வைத்தார். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"என்னாண்ணே, தண்ணி கொடத்துக் கழுத்துக்குக் கீழ நிக்குது?"

"ரெண்டு கொடம் வரைக்கும்னுதானே சொன்னேன்," என்றார் அவர்.

கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். முப்பது வருடத்துக்கு முன்னால் தராசுப் பக்கத்தில் நின்று அவர் கூப்பிட்ட அதே சத்தத்தில், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தேன்:

"வீரசிங்கம். ரெண்டு கொடம். சிந்தினதுக்கு அரை கழிவு. ஒன்றரை! இன்னொரு நடை போயிட்டு வாங்க."