டார்க் கன்வெர்ட்டரும் ஏழு ஆடுகளும்

மருந்துக்கடை வைத்திருப்பவர் நோய் சொல்லக்கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அருப்புக்கோட்டையில் என் கடைக்கு முன்னால் யாராவது இருமினால், அது எங்கே கிளம்பி எதில் முடியும் என்று எனக்குள் ஒரு குரல் உடனே சொல்லிவிடும். (பாதி நேரம் தப்பாக.) இந்தக் கோளாறு மனிதர்களோடு நின்றிருந்தால் என் தம்பி செந்தில் அன்றைக்கு ஆட்டோடு நின்றிருக்க மாட்டான்.

பத்து வருஷம் ஒரு பழைய கியர் வண்டியை ஓட்டித் தேய்த்த பிறகு, செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். இரண்டே வாரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமியது, வண்டி மட்டும் யோசித்து யோசித்துப் போனது. கூடவே ஒரு கருகல் வாடை. ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தேன். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் இன்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் நழுவுகிறது என்றார் ஒருவர். எனக்கு அது போதும்.

"எதிரெதிரா ரெண்டு ஃபேன் வச்சு ஒண்ணைப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும்ல? அதே மாதிரிதான்மா. காத்துக்குப் பதிலா எண்ணெய். இங்க எண்ணெய் தள்ளுது, அங்க சுத்த மாட்டேங்குது."

"அப்ப இன்னுங் கொஞ்சம் எண்ணெயை ஊத்து," என்றார் அம்மா.

என் வீட்டுக்காரர் பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான போகுது," என்றார். சூடேறினால்தான் வரும் என்றேன். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போகும் நோயாளிகளை எனக்குத் தெரியாதா?

அந்தப் புதன்கிழமை செந்திலுக்கு நரிக்குடியில் பெண் பார்க்கக் கிளம்பினோம். அவனுக்கு முப்பத்தைந்து வயது. இதற்கு முன் ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். "நான் ஓட்டவா?" என்று வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். கோளாறு தெரிந்தவள் ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்றேன்.

டவுனைத் தாண்டியதும் நழுவல் ஆரம்பித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் ரோட்டில் ஒரு நிமிஷம், மீட்டரில் ஒரு நிமிஷம், கடிகாரத்தில் ஒரு நிமிஷம். பதற்றம் ஏற ஏற வண்டி இன்னும் மந்தமானது. திருச்சுழி தாண்டி, இருபக்கமும் சீமைக்கருவேல் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது.

நிறுத்தினேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. வீடியோவில் ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள்: பிரேக்கை முழுசாக அமுக்கிக்கொண்டு, கியரை 'டி'யில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, மீட்டர் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். செய்தேன். இன்ஜின் கதறியது.

"பாருங்க, ஒரு இஞ்ச் கூட நகரல. நான் சொன்னேன்ல?"

"பிரேக்கை அமுக்கிருக்கயே, எப்படி நகரும்?" என்றார் வீட்டுக்காரர்.

முள்ளைப் பார்க்க மறந்துபோனேன்.

மணி பதினொன்றேகால். செந்தில் வெயிலில் நின்று வாட்ச்சையே பார்த்தான். பஸ்ஸும் வரவில்லை. அப்போது எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு மினி லோடு வண்டி நின்றது. அதில், சந்தையில் விலைபோகாத ஏழு ஆடுகள் நரிக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"அருப்புக்கோட்டைலருந்து உங்க பின்னாலதான்க்கா வாரேன்," என்றார் டிரைவர். "உங்க பிரேக் லைட்டு ஒருவாட்டி கூட அணையல."

"அது வேற, வயரிங் கோளாறு," என்றேன் அலட்சியமாக.

அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நாங்கள் மூவரும் தாம்பூலத் தட்டோடு பின்னால் ஆடுகளுக்கு நடுவே நின்றோம். நான் செந்திலுக்கு டார்க் கன்வெர்ட்டரை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளாடு வெற்றிலையை முடித்துவிட்டு மல்லிகைப்பூவுக்கு வந்திருந்தது. இன்னொன்று செந்திலின் புதுச்சட்டை நுனியை மென்றது.

ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் பெண் வீட்டு வாசலில் இறங்கினோம். பெண்ணின் அப்பா கைகூப்பியபடி வந்தவர், வண்டியைப் பார்த்துத் திகைத்தார்.

"வெத்தலை பாக்கு மட்டும் போதும்னுதான சொன்னோம். ஆடெல்லாம் எதுக்குங்க?"

"ஆடு நம்மளது இல்லங்க," என்றார் என் வீட்டுக்காரர் பணிவாக. "வெத்தலைதான் நம்மளது. அது இப்ப ஆட்டுக்குள்ள இருக்கு."

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சிரித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி சிரித்தது. ஆட்டு வாடையோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டோம். நான் மட்டும் கௌரவத்தைக் காப்பாற்ற, பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு ஃபேன் கதையை முழுசாகச் சொன்னேன்.

சாயங்காலம் மெக்கானிக் கார் நின்ற இடத்துக்கே வந்தார். எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தார், ஒரு ரவுண்டு ஓட்டினார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நிறுத்துங்கக்கா. டார்க் கன்வெர்ட்டர் நல்லாருக்கு. பிரேக்தான் கருகிப்போச்சு." கொஞ்சம் தயங்கினார். "உங்க எடது காலு எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். பத்து வருஷமாகக் கிளட்சின் மேல் குடியிருந்த கால், கிளட்ச் இல்லாத வண்டியில் இடம் தேடிப்போய், பிரேக்கின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பதற்றம் கூடும்போதெல்லாம் அதுவும் கூடவே அமுக்கியிருக்கிறது. பின்சீட்டில் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. செந்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நரிக்குடியிலிருந்து சம்மதம் வந்தது. "இதுக்கு முன்னால வந்தவுக எல்லாம் சட்டை கசங்காம வந்து பெருமை பேசிட்டுப் போனாக. ஆட்டோட வந்தவுக இவுக மட்டுந்தான்," என்று அந்தப் பெண் தன் அப்பாவிடம் சொன்னாளாம்.

இப்போது அவள் எங்கள் வீட்டில். மருந்துக்கடைக் கணக்கையும் பார்த்துக்கொள்கிறாள். என் காரில் முன்சீட்டில் அவள்தான் உட்காருவாள். வண்டி லேசாக உறுமினால் போதும், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மதினி, காலு," என்பாள்.

நான் சட்டென்று காலை எடுத்துவிடுவேன்.