ஆளில்லாத் தரிப்பிடங்களில் நின்ற பஸ்

நோர்வேயில் இருக்கிற பஸ் தரிப்பிடங்கள் எல்லாம் ஒன்றுகூடி யாருக்காவது சிலை வைப்பதென்றால், அது எங்கள் தரிப்பிடத்தாருக்குத்தான். அவரைப்போலத் தரிப்பிடங்களை மதித்த ஒருவர் இந்த நாட்டில் பிறக்கவுமில்லை, அகதியாக வந்து இறங்கவுமில்லை.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் இருக்கிற புருசெத்தில் யாருக்கும் அது தெரியாது. ஒஸ்லோவில் டவுன் பஸ் ஓடியே பென்சன் எடுத்த மனிதர். ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அவருடைய பஸ்ஸில் போய் நான் வேலைக்குப் பிந்தி ஏச்சு வாங்கிய நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணை, வெறும் கொட்டிலுக்கெல்லாம் நிக்கிறியள்?"

"வெறும் கொட்டில் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? உள்ளுக்கை குனிஞ்சு போனை நோண்டிக்கொண்டு இருக்குங்கள். கதவைத் திறந்தால்தானே தெரியும்."

இந்த மனிதரை நம்பித்தான் ஒரு கோடையில் பதினாறு பேர் வடக்கே புறப்பட்டோம்.

எல்லாம் பக்கத்து வீட்டுக் கார்த்திக் செய்த வேலை. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளை. முதுகில் பையைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆளரவமே இல்லாத பாலைநிலத்துக்குள்ளால் நாட்கணக்கில் பஸ்ஸில் போவதை எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டது. "அக்கா, நம்மளும் போலாம்க்கா. ஃபின்மார்க் சைடுல ஊரே கிடையாது, வெறும் மேட்டுநிலம். ஹோட்டல் கிடையாது, டென்ட்டுதான். செமயா இருக்கும்!" என்றது. நடுச்சாமச் சூரியனைப் பார்க்கலாம் என்றதும் எங்கள் சனமும் தலையாட்டிவிட்டது.

வெளிக்கிடுகிற அன்று பார்த்தால் முதுகுப் பையோடு நின்றது கார்த்திக் மட்டும்தான். எங்கள் ஆட்கள் ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், ரைஸ் குக்கர், அரிசி மூட்டை, கருவாட்டுப் பொரியல் சகிதம் வந்து நின்றார்கள். என் மனுசன் ஒரு படி மேலே போய் இடியப்பத் தட்டுகளையும் காவிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், பேக்பேக்கர் டூர்னு சொன்னேனே சார்!"

"ஓம் தம்பி, அதுதான் நாங்கள் கட்டில் கொண்டரேல்லை."

தரிப்பிடத்தார் பழைய யூனிபோர்மை மினுக்கிப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு வந்தார். வாடகைக்கு எடுத்த சின்ன பஸ்ஸில் மணி இல்லை என்று கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. "மணி இல்லாமல் எப்பிடி இறங்கிறது? ஆருக்கும் இறங்க வேணுமெண்டால் 'டிங்' எண்டு சத்தமாச் சொல்லவேணும். சும்மா 'அண்ணை நிப்பாட்டுங்கோ' எண்டால் நான் நிப்பாட்டமாட்டன்." ஒன்றுக்குப் போவதற்கு வழிநெடுக டிங் டிங் என்று கத்தின கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

முன் சீட்டில் செல்வியக்கா. மடியில் ஒரு குளிர்ப்பெட்டி. யாரையும் தொட விடமாட்டா. புருசனுக்கு நடுச்சாமச் சூரியன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தா. உண்மையில் மகனைப் பார்க்கத்தான் வந்தா. மகன் நிரோ படிப்பை இடையில் விட்டுவிட்டு வடக்கே மீன்பிடிப் போட்டில் வேலைக்குப் போனவன். தகப்பன் அவனுடைய பெயரையே வீட்டில் எடுக்க விடாததால் அவன் ஒஸ்லோப் பக்கம் வந்து இரண்டு வருசமாகியிருந்தது. வடக்கு நோக்கிய எங்கள் பயணத்தின் கடைசி நாள் பின்னேரம் ஆறு மணிக்கு அவனுடைய போட் கடலுக்குப் போகிறது. பிறகு எப்போது கரைக்கு வருமோ தெரியாது. அதற்கு முதல் துறைமுகத்துக்குப் போய்விடவேண்டும்.

"ஒரு மணித்தியாலம் பாத்தால் காணும் தங்கச்சி," என்று என் கையைப் பிடித்துச் சொன்னா. குளிர்ப்பெட்டிக்குள் அவனுக்குப் பிடித்த றால் பொரியலும் தட்டைவடையும் இருந்தன.

பஸ் வெளிக்கிட்டது. கடவுளே, குறுக்கு வழியென்று சுவீடனுக்குள் போயும் மனிதர் திருந்தவில்லை. காட்டு றோட்டில் ஒரு தரிப்பிடப் பலகையைக் கண்டதும் பிரேக்.

"அண்ணை, இது சுவீடன்! உங்கடை பஸ் இஞ்சை ஓடேல்லை!" என்று என் மனுசன் கத்தினார்.

"தரிப்பிடம் எந்த நாட்டிலை இருந்தாலும் தரிப்பிடந்தான்." கதவு திறந்தது. கடிக்கிற நுளம்புதான் ஏறியது.

மேட்டுநிலத்தில் ஏறிய பிறகு மரம்கூட இல்லை. கல்லும் பாசியும் குளமும், திரும்பவும் கல்லும். தரிப்பிடங்களுக்குப் பெயர் தெரியாததால் அவரே வைக்கத் தொடங்கினார். "அடுத்த தரிப்பு, பெரிய கல்லு." கொஞ்ச நேரம் போனதும், "அடுத்த தரிப்பு, பெரிய கல்லு ரண்டு." ஒரு தரிப்பிடத்தில் காற்றுக்கு ஒதுங்கி ஒரு கலைமான் கொட்டிலுக்குள் நின்றது. தரிப்பிடத்தார் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மான் அவரைப் பார்த்தது. அவர் மானைப் பார்த்தார்.

"ஏறேல்லை எண்டால் நான் கதவைப் பூட்டப்போறன்," என்று அதற்கு மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. செல்வியக்கா மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

கடைசி நாள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நின்று நின்று வந்ததில் எக்கச்சக்கமாகப் பிந்திவிட்டோம். மத்தியானம் கார்த்திக் போனில் கணக்குப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்படி நின்னு நின்னு போனா ஆறு மணி தாண்டிடும். இனிமே எங்கயும் நிக்காம போனாத்தான் நாலே முக்காலுக்காவது போலாம்," என்றது. அதற்குப் பிறகு போனில் சிக்னலும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து தரிப்பிடத்தாரைச் சுற்றிக்கொண்டோம்.

"அண்ணை, துறைமுகம் மட்டும் ஒரு தரிப்பிடத்திலையும் நிக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ," என்றேன். நான்தான் ஆகக் கூடுதலாகக் கத்தினேன்.

மனிதரின் முகம் செத்தவீட்டு முகமாகிவிட்டது. "சரி," என்றார்.

முதலாவது கொட்டிலைக் கடக்கும்போது அவருடைய கால் பிரேக்குக்கு மேலே போய்ப் போய் வந்ததை நான் கண்டேன். "மன்னிக்கவேணும்," என்று அந்தக் கொட்டிலிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதுக்கும் அப்படியே. பிறகு கடற்பக்கத்திலிருந்து வெள்ளை மூடுபனியாய்ப் புகார் வந்து மூடியது. அதற்குள் மங்கலாக இன்னுமொரு கொட்டில் தெரிந்தது.

பஸ் நின்றுவிட்டது.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே!" என்று நான் எழும்பிவிட்டேன். மனுசன் தலையில் அடித்தார். ஐந்து நாளும் குரலுயர்த்தி ஒரு சொல் பேசாத செல்வியக்கா ஓவென்று அழுதா. "அண்ணை, உங்களைக் கும்பிட்டன், எடுங்கோ! என்ரை பிள்ளை போயிடுவான்!"

"ஏலாமல் கிடக்கு தங்கச்சி," என்றார் தரிப்பிடத்தார். அவருடைய குரலும் அழுகிற மாதிரித்தான் இருந்தது. "ஒருக்கா, ஒரேயொருக்காத் திறந்து பாத்திட்டு எடுக்கிறன்."

கதவு திறந்தது. கொட்டிலுக்குள் குனிந்தபடி போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு உருவம் எழும்பியது. செம்மஞ்சள் கடல் அங்கி, தாடி, தோளில் பை. பஸ் படியில் கால் வைத்துவிட்டு, "அம்மா," என்றான்.

காற்று கூடுகிறதென்று போட்டை ஒரு மணித்தியாலம் முந்தி எடுக்கப்போகிறார்களாம். தாய்க்குச் சொல்வதற்கு எத்தனை தரம் போன் அடித்தும் எடுபடவில்லையாம். இருப்பது ஒரேயொரு றோட்டு என்றபடியால் மீன் லொறி ஒன்றில் ஏறி, அது திரும்புகிற சந்தி வரைக்கும் வந்து காத்திருந்திருக்கிறான். நாங்கள் நிற்காமல் துறைமுகத்துக்குப் பறந்திருந்தால் அவன் இந்தக் கொட்டிலிலும், செல்வியக்கா அங்கேயுமாக நின்றிருப்பார்கள்.

"நாங்கள் பாக்காமல் போயிருந்தால் என்னடா செய்திருப்பாய்?" என்று என் மனுசன் கேட்டார்.

"தரிப்பிட மாமாதான் ஓடுறார் எண்டு அம்மா சொன்னவ. பள்ளிக்கூடத்துக்கு அவற்றை பஸ்ஸிலைதானே போனனான்," என்றான் நிரோ.

செல்வியக்கா படியிலேயே அவனைக் கட்டிப்பிடித்து, அவனுடைய தாடியைத் தடவித் தடவி அழுகிறா. பஸ் முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். கார்த்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தரிப்பிடத்தார், "தங்கச்சி, வாசல்லை நிக்காதேங்கோ, கதவு பூட்டேலாது. உள்ளுக்கை போங்கோ," என்றார். நூற்றுக்கு நூறு டவுன் பஸ் குரல்.

துறைமுகம் வரைக்கும் இருந்த தூரந்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். றால் பொரியலைத் தாய் தீத்திவிட, அத்தனை பேருக்கும் முன்னால் அந்தத் தாடிக்காரன் வாயைத் திறந்து வாங்கினான். தகப்பனைப் பற்றிக் கேட்டான். "உன்னைக் கேக்காத நாளில்லை," என்று செல்வியக்கா பச்சைப் பொய் சொன்னா. வழியில் இன்னுமொரு தரிப்பிடம் வந்தது. தரிப்பிடத்தார் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கண்ணாடியில் பார்த்து உத்தரவு கேட்டார்.

"தம்பி, நிக்கட்டோ?"

நிரோ மணிக்கூட்டைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். "நில்லுங்கோ மாமா. நேரம் கிடக்கு."

நின்றார். கதவைத் திறந்தார். வழமையை விடக் கொஞ்ச நேரம் கூடவே திறந்து வைத்திருந்தார்.

போட் போன பிறகு அதே றோட்டால் திரும்பி வந்தோம். அன்று புகாருக்குள் சூரியனே தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை. நிரோ நின்ற கொட்டில் தூரத்தில் தெரிந்தது. செய்த சத்தியம் நினைவிருந்ததோ என்னவோ, தரிப்பிடத்தார் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தார். முன் சீட்டிலிருந்து செல்வியக்கா மெல்லிய குரலில் சொன்னா:

"டிங்."

பஸ் நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவுமில்லை. செல்வியக்கா அந்த வெறும் கொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி அண்ணை, எடுங்கோ," என்றா.

அடுத்த தரிப்பிடத்துக்கு டிங் சொன்னது நான்.